கட்டியவர் காணாத 14 மாடி!

சென்னைக்கு வருகிறவர்கள் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்று ஒரு காலத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மெரினா கடற்கரை, செத்த காலேஜ், உயிர் காலேஜ், சென்ட்ரல் ஸ்டேஷன்... இப்படிப் போகும் அந்தப் பட்டியல். 1959-ஆம் ஆண்டில் அதில் புதிதாக ஒன்று சேர்ந்தது.

அதுதான் மவுண்ட் ரோட்டில் எழும்பிய எல்.ஐ.சி. கட்டிடம்!

கிராமத்திலிருந்து வந்தவர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பார்கள். கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடிகளை எண்ணுவார்கள். பாதியிலே கணக்குத் தப்பிவிடும். மறுபடியும் கீழேயிருந்து தொடங்குவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, பட்டணத்தில் 14 மாடியைப் பார்த்த கதை நாலு நாளைக்கு ஓடும்.

சினிமாக்காரர்களும் அந்தக் கட்டிடத்தை விடவில்லை. கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட வேண்டுமா? கையிலே ஒரு பெட்டியுடன் அவன் அண்ணாந்து பார்ப்பான். உடனே திரையில் எல்.ஐ.சி. கட்டிடம் தெரியும்.

கட்டிடத்தை எல்லோருக்கும் தெரியும். அதைக் கட்டத் திட்டமிட்டவர் யார்?

அவர் ஒரு பெரிய பாங்கை உண்டாக்கியவர். கோடிக்கணக்கான ரூபாய் புரளும் தொழில்களை நடத்தியவர். ஆனாலும் அந்தக் கட்டிடத்தின் மேல் மாடியில் நின்று சென்னையைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. வேலை தொடங்கிய மறு ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

அவர்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்.

பெயரின் கதை

சிதம்பரம் செட்டியார் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் குலத்தில் பெரும் செல்வாக்கு உள்ள குடும்பம். தந்தையார் சர் எம்.சிடி. முத்தையா செட்டியார். வெள்ளைக்கார அரசாங்கத்திடம் சர் பட்டம் பெற்றவர்.

நகரத்தார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். அதனால் இந்தக் குடும்பத்தில் முத்தையா, சிதம்பரம் என்ற பெயர்கள் மாறி மாறி வரும். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துக்கள் முன்னோர்களின் பெயர்களைச் சுருக்கிச் சொல்பவை. அந்த எழுத்துக்களைப் பார்த்தே எந்த வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம்.

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் மைதானம் என்று பெயர். அந்தச் சிதம்பரம் வேறு. அவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். இருவரும் ஒருவரே என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்துக்களைக் கவனித்தால் குழப்பம் வராது.

கடல் கடந்த கணக்கு

செட்டிநாட்டு மண் வறண்ட மண். நகரத்தார்களின் தொழிலோ கடலுக்கு அப்பால். பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று அவர்கள் போகாத இடம் இல்லை. கொண்டு விற்கப் போவது என்பது அவர்கள் வழக்கு. சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேருவார்கள். கணக்குப் படிப்பார்கள். அடுத்தாளாக உயருவார்கள். பிறகு மேலாள் ஆவார்கள். பல கடைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து தொழில் செய்யும் இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர்.

பர்மாவின் தென்பகுதி முழுவதும் நெல் வயல். காடாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி வயலாக்கப் பர்மிய விவசாயிகளுக்குப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பெரும் பகுதி செட்டியார்களின் கிட்டங்கிகளிலிருந்து போனது.

இப்படிப்பட்ட உலகத்தில் வளர்ந்தவர் சிதம்பரம் செட்டியார். இருபதுகளின் தொடக்கத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தின் பொறுப்பு முழுவதும் அந்த இளம் தோள்களில் விழுந்தது.

விழுந்த சமயமோ நல்ல சமயம் அல்ல. 1930-ஆம் ஆண்டையொட்டி உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. நெல் விலை மளமளவென்று சரிந்தது. பர்மாவில் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. அவர்களுக்கு வேண்டியது போட்ட பணம். வந்து சேர்ந்ததோ விற்க முடியாத நிலம். நிலத்தை இழந்த பர்மியர்களின் மனத்திலோ கொதிப்பு.

பழைய முறையில் இனி அதிக நாள் தொழில் செய்ய முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் முதலை நம்பி நடக்கும் கடை, ஒரு பெரும் புயல் அடித்தால் சாய்ந்துவிடும். பலரின் பணம் சேர்ந்த பாங்கு என்றால் தாங்கி நிற்கும்.

ஒரே நாள், மூன்று ஊர்

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி. அன்று காரைக்குடியில் ஒரு புதிய பாங்கு திறக்கப்பட்டது. அதே நாளில் சென்னையில் அதன் கிளை. அதே நாளில் கடலுக்கு அப்பால் ரங்கூனிலும் ஒரு கிளை!

அதுதான் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு. அதைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது வயது 28.

ஓவர்சீஸ் என்றால் கடல் கடந்த என்று பொருள். பெயரிலேயே நோக்கம் இருந்தது. சென்னை வியாபாரி ஒருவர் பினாங்கிலிருந்து சரக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே டாலரில் பணம் கட்ட வேண்டும். அவர் கையில் இருப்பதோ ரூபாய். இதை அதுவாக மாற்றிக் கொடுக்க ஒரு பாங்கு வேண்டும். அந்த நாளில் இந்தத் தொழில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாங்குகளின் கையில் இருந்தது. அந்தத் துறையில் நம்மவர்களும் நுழைய வேண்டும் என்பது செட்டியாரின் திட்டம். ரங்கூனுக்குப் பிறகு பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பாங்கு கிளை விட்டது.

பாங்கு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1937 ஏப்ரல் 1-ந் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகிவிட்டது.

அடுத்த ஆண்டு இன்னொரு சோதனை. 1938 ஜூன் மாதம் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு மூடப்பட்டது. தென்னாட்டில் பெரிய பாங்குகளில் ஒன்று அது. அது விழுந்ததும் பணம் போட்ட ஜனங்கள் கலங்கிப் போனார்கள். எந்தப் பாங்கை நம்புவது என்ற பயம் தெற்கே எங்கும் பரவியது. அந்த நெருக்கடியிலும், ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஓவர்சீஸ் பாங்கு விழாமல் நின்றது.

குண்டு விழுந்த நகரங்கள்

சோதனை அதோடு தீரவில்லை. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் ரங்கூனும் விழுந்தது.

பர்மாவிலிருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் புறப்பட்டார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியிலே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். மூன்று தலைமுறையாகச் சேர்த்த சொத்தைப் போட்டுவிட்டு, கட்டிய துணியோடு செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

கடல் கடந்த வியாபாரத்துக்காகவே பிறந்த பாங்குக்கு, கடல் கடந்த ஊர்களே எதிரியின் கையில்! சிதம்பரம் செட்டியார் உள்நாட்டில் பாங்கைப் பலப்படுத்தினார். இந்தியா விடுதலை அடைந்த 1947-ஆம் ஆண்டில் ஓவர்சீஸ் பாங்குக்கு உள்நாட்டில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன.

அவர் பாங்கோடு நிற்கவில்லை. திருவாங்கூரில் பெரும்பாவூர் என்ற ஊரில் திருவாங்கூர் ரேயான்ஸ் என்ற ஆலையை நிறுவினார். மரக்கூழிலிருந்து பட்டுப் போலப் பளபளக்கும் நூல் எடுக்கும் ஆலை அது. 1950-ல் அங்கே நூல் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவில் ரேயான் நூல் எடுத்த முதல் ஆலை அதுவே. ஆலை வந்த இடத்துக்கு ரேயான்புரம் என்றே பெயர் வந்துவிட்டது.

நாளைக்கு ஒரு வழி

சிதம்பரம் செட்டியாரின் பொறுப்பில் இருந்த இன்னொரு பெரிய ஸ்தாபனம் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனி. அது 1906-ல் சென்னையில் பிறந்த கம்பெனி. தீ விபத்து போன்ற நஷ்டங்களுக்கு இன்சூரன்ஸ் செய்ய 1938-ல் யுனைடெட் இந்தியா என்ற பெயரிலேயே இன்னொரு கம்பெனியும் தொடங்கப்பட்டது.

ஆயுள் இன்சூரன்ஸ் என்பது என்ன? ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துவிட்டால், சேர்ந்த பணத்திலிருந்து அவருடைய மனைவி மக்களுக்குப் பெரிய தொகை கிடைக்கிறது. சம்பாதிக்கிறவன் போன பிறகும் வீட்டில் அடுப்பு எரிய ஒரு வழி.

இதை ஜனங்களிடம் சொல்லிப் புரியவைப்பது அந்த நாளில் லேசான வேலை அல்ல. நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதோடு இன்னொரு சந்தேகமும் உண்டு. இருபது வருஷம் பணம் கட்டிய பிறகு அந்தக் கம்பெனி இருக்குமா? யாரை நம்பிக் கட்டுவது?

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நம்பிக்கைதான் முதல். அந்த நம்பிக்கையைக் கண்ணால் பார்க்கும்படி செய்ய ஒரு வழி, அசைக்க முடியாத ஒரு பெரிய கட்டிடம்.

18 மாடித் திட்டம்

1950-களின் தொடக்கத்தில் சென்னை தணிவான ஊர். ஓட்டு வீடுகள், இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டிடங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் கோபுரங்களும், மாதா கோயில்களின் சிகரங்களும், உயர்நீதிமன்றத்தின் விளக்குக் கோபுரமும்தான் தலை தூக்கித் தெரியும்.

அந்த ஊரில், யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக 18 மாடியில் ஒரு கட்டிடம் கட்ட வேண்டும் என்று சிதம்பரம் செட்டியார் திட்டமிட்டார்!

உயரமாகக் கட்டுவது தமிழனுக்குப் புதிது அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி. ஆயிரம் ஆண்டாக அது நிற்கிறது. ஆனால் அது சாமி இருக்கும் இடம். நூற்றுக்கணக்கான மனிதர்கள் தினந்தோறும் ஏறி இறங்கி, ஆபீஸ் வேலை பார்க்கும் கட்டிடம் அவ்வளவு உயரத்தில் எழுவது புதுமை.

பழைய முறையில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டினால் அது நடக்காது. அந்த முறையில் மேலே உள்ள பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்க வேண்டும். மாடி ஏற ஏறக் கீழ்ச் சுவரின் கனம் கூட வேண்டும். 14 மாடி ஏறுவதற்குள் கீழே சுவரே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

புதிய முறை கல்யாணப் பந்தல் போன்றது. பந்தலைத் தாங்குவது கால்கள்; சுற்றிக் கட்டிய தட்டி வெறும் மறைப்பு. அதைப் போல, இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த தூண்கள் பாரம் முழுவதையும் தாங்கும். சுவர் மறைப்புக்கு மட்டும். தூண் உறுதியாக இருந்தால் மாடிக்கு மேல் மாடி ஏற்றலாம்.

லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்கள் படம் வரைந்தார்கள். முருகப்பா குடும்பத்தின் கோரமண்டல் என்ஜினியரிங் கம்பெனி கட்டுமான வேலையை ஏற்றது. 1953-ல் மவுண்ட் ரோட்டில் வேலை தொடங்கியது.

சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமை

1954-ஆம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி. சனிக்கிழமை.

சிட்னியிலிருந்து லண்டன் போகும் பி.ஓ.ஏ.சி. விமானம் ஒன்று, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல் நேரம். கல்லாங் விமான நிலையத்தில் அது இறங்க வேண்டும். அந்த விமானத்தில் சிதம்பரம் செட்டியாரும் இருந்தார்.

ஓடுபாதையின் முனையில் கடலோரமாக ஒரு சுவர். கொஞ்சம் உயரம் குறைந்து வந்த விமானம் அந்தச் சுவரில் மோதியது. அடுத்த சில விநாடிகளில் இறக்கை முறிந்தது. விமானம் தலைகீழாகப் புரண்டது. தீப்பிடித்துக்கொண்டது.

விமானத்தில் பிரயாணிகள் 31 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிப்பந்திகளில் இருவரும் மாண்டார்கள். விமானி நெடுநேரம் ஓய்வில்லாமல் வேலை பார்த்துக் களைத்திருந்தது இந்தக் கோரத்துக்கு ஒரு காரணம் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது.

எதிர்பாராத சாவு வந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன கம்பெனி அவருடையது. அந்த எதிர்பாராத சாவு அவரையே வந்து தழுவியது. அப்போது அவருக்கு 45 வயதுதான்.

மவுண்ட் ரோட்டில் கட்டிடமோ முளைவிடும் நிலையில் இருந்தது.

கைமாறிய கனவு

தலைவர் போய்விட்டார். வேலை நின்றுவிடுமோ என்று தோன்றும். நிற்கவில்லை. அவருடைய பிள்ளைகள் தொழில்களின் பொறுப்பை ஏற்றார்கள். கட்டிடம் மாடி மாடியாக எழுந்தது.

இரண்டு ஆண்டில் மற்றொரு பெரிய மாறுதல். 1956 ஜனவரி 19-ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலுள்ள ஆயுள் இன்சூரன்ஸ் தொழில் முழுவதும் சர்க்கார் வசமாயிற்று. தனியார் நடத்திய சில கம்பெனிகள் நொடித்துப் போய், பணம் கட்டிய ஏழைகள் ஏமாந்த கதைகள் அதற்கு முன் நடந்திருந்தன. 245 ஸ்தாபனங்களின் ஆயுள் இன்சூரன்ஸ் வியாபாரம் ஒன்றாக்கப்பட்டது. 1956 செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. அதைத்தான் சுருக்கமாக எல்.ஐ.சி. என்கிறோம்.

யுனைடெட் இந்தியா ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதில் கலந்துவிட்டது. பாதியில் நின்ற கட்டிடமும் எல்.ஐ.சி.யின் சொத்தாகிவிட்டது.

1957-ல் லண்டன் கலைஞர்கள் விலகிக்கொண்டார்கள். சென்னையைச் சேர்ந்த எல்.எம். சித்தாலே என்ற கட்டிடக் கலைஞர் மீதி வேலையை ஏற்று முடித்தார்.

ஆக, நினைத்தவர் ஒருவர். படம் வரைந்தவர்கள் வேறு. முடித்தவர் வேறு. சொந்தக்காரர் வேறு!

1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, அப்போது மத்திய நிதி மந்திரியாக இருந்த மொரார்ஜி தேசாய் கட்டிடத்தைத் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. செலவு 87 லட்சம் ரூபாய். திட்டமிட்ட 18 மாடி வரவில்லை. வந்த மாடிகளைக்கூட, தரைத்தளத்தைச் சேர்த்து எண்ணுவோர் ஒரு கணக்கும், சேர்க்காமல் எண்ணுவோர் ஒரு கணக்கும் சொல்வார்கள். ஜனங்கள் வாயில் நிலைத்த பெயர் 14 மாடி என்பதுதான். 30 ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் அதைவிட உயரமான ஆபீஸ் கட்டிடம் எழவில்லை.

நெருப்பிலும் நின்றது

1975-ஆம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி அந்தக் கட்டிடத்தில் பெரும் தீப்பிடித்தது. மாடிகளில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிவதை நகரமே திகைத்துப் பார்த்தது. மேஜைகளும் நாற்காலிகளும் காகிதங்களும் கரியாயின.

தூண்கள் சாயவில்லை. கட்டிடம் பழுது பார்க்கப்பட்டது. மறுபடியும் அங்கே வேலை நடக்கலாயிற்று.

சிதம்பரம் செட்டியார் உண்டாக்கிய மற்ற ஸ்தாபனங்களும் அப்படித்தான் கைமாறின. 1969 ஜூலை 19-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு தேசியமயமாயிற்று. பிறகு பொது இன்சூரன்சும் சர்க்கார் வசமானபோது, யுனைடெட் இந்தியா என்ற பெயரிலேயே ஒரு சர்க்கார் கம்பெனி அமைந்தது. ஓவர்சீஸ் பாங்கின் தலைமை ஆபீஸ், எல்.ஐ.சி. இருக்கும் அதே சாலையில் இருக்கிறது. ரேயான் ஆலை மட்டும் நிலைக்கவில்லை. அது மூடப்பட்டுவிட்டது.

மவுண்ட் ரோடு இப்போது அண்ணா சாலை. எல்.ஐ.சி.யைவிட உயர்ந்த கட்டிடங்கள் சென்னையில் பல வந்துவிட்டன. அவற்றின் மாடிகளை யாரும் நின்று எண்ணுவதில்லை. பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரெயிலிலும் எல்.ஐ.சி. என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு இறங்குகிறார்கள்.

சிதம்பரம் செட்டியாரின் பெயர் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறது. அந்தக் கட்டிடத்துக்கு இல்லை. ஆனால் அதன் உள்ளே நடப்பது அவர் நினைத்த வேலைதான். குடும்பத்தலைவனை இழந்த ஏதோ ஒரு வீட்டுக்கு, அவன் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் ஆதரவாகப் போய்ச் சேருகிறது.

தனக்குப் பின்னாலும் வீடு நடக்க வேண்டும் என்று நினைத்து ஒருவன் பணம் கட்டுகிறான். அந்தப் பணம் பயன்படும் நாளை அவன் பார்ப்பதில்லை. தாம் திட்டமிட்ட கட்டிடத்தைச் சிதம்பரம் செட்டியாரும் பார்க்கவில்லை. போட்ட அஸ்திவாரம் பழுதில்லாமல் இருந்தது. மற்றவர்கள் மேலே கட்டி முடித்தார்கள்.